365 பேர் வேண்டும், தோழர்களே!

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளுக்கான சுற்றறிக்கை வந்துவிட்டது. நம் பெண்கள் கபடி அணி தயாராக இருக்கிறது. இருட்டு விலகும் முன்பே மைதானத்துக்கு வந்து, முதல் வகுப்பில் ஈரத் தலையோடு உட்காரும் பன்னிரண்டு பேரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் தெம்புக்குக் குறைவில்லை, ஆட்டத்துக்கும் குறைவில்லை. அணியின் பெயரில் பணம்தான் இல்லை. இதைப் பூசி மெழுகிப் பேச இனி நேரம் கிடையாது. வரும் சில வாரங்களுக்குள் நாம் நிதி திரட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆண்டும் அணி அரைகுறையாகத்தான் போகும். போகாமலே நின்றாலும் வியப்பதற்கில்லை.

இந்த அணிக்கு நான் மூன்று ஆண்டு ரெய்டு போனவள். நம்மிடம் ஒரு நோய் இருக்கிறது: "யாராவது ஒரு பெரிய மனிதர் பார்த்துக்கொள்வார்" என்று காத்திருப்பது. இந்தக் கடிதம் அந்தக் காத்திருப்புக்கு எதிராக எழுதப்பட்டது. நமக்கு வேண்டிய பணம் நம்மைச் சுற்றியே, சின்னச் சின்னத் தொகையாக, இந்தப் பிள்ளைகளை அறிந்தவர்களின் கையிலேயே இருக்கிறது. போய்க் கேட்க ஆளில்லை. கேட்டவர்களும் கணக்குக் காட்டவில்லை. இந்த இரண்டையும் இந்தப் பருவத்திலேயே மாற்றுவோம்.

ஒரு போட்டிக்குப் போகாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன். கல்லூரிப் போட்டியில் ஆடினால்தான் பல்கலைக்கழக அணித் தேர்வாளர்களின் கண்ணில் பட முடியும். அங்கே தேர்வானால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென் மண்டலப் போட்டி. அங்கிருந்து அகில இந்தியப் போட்டி. அதில் முன்னுக்கு வரும் அணிகளுக்கு, 2020-இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கான படிவம் 3 சான்றிதழ் உண்டு. சிறந்த விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலைகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அப்பா லோடு ஏற்றப் போகிற வீட்டில், அம்மா தறி ஓட்டுகிற வீட்டில், அந்தச் சான்றிதழ் எவ்வளவு பெரிய சொத்து என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனைக்கும் தொடக்கம் அந்த முதல் பயணத்துக்கான பேருந்துக் கட்டணம்.

மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை நினைத்துப் பாருங்கள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், பாட்டி வளர்த்த பெண், காலணி இல்லாமல் ஓடியவர். பயிற்சியாளர் கண்ணன் அவரைக் கண்டெடுத்தார். டோக் பெருமாட்டி கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்தன. அதே பெண் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். திறமை பாதி வேலையைத்தான் செய்தது. மீதியை ஒரு பயிற்சியாளரின் பிடிவாதமும், படிக்கவும் தங்கவும் கிடைத்த ஓர் இடமும் செய்தன. அப்படி ஒருவரும் கைகொடுக்காமல் போன ரேவதிகள் எத்தனை ஊரில் இருக்கிறார்கள் என்பதற்கு எங்கும் கணக்கு இல்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவுக்கு முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் வழங்கியபோது நாமெல்லாம் கைதட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் பதக்கத்துக்குப் பிறகு நீளும் கைகள் பதக்கத்துக்கு முன்னால் நீளுவதில்லை. வெறும் மண் தரையில், விளக்கில்லாத மைதானத்தில் ஆடுகிற காலத்தில்தான் ஒரு வீராங்கனைக்கு இருநூறு ரூபாயும் பெரிய தொகை. அந்தக் காலத்தில் அவளோடு நிற்க நம்மை விட்டால் யாரும் இல்லை.

நாளை காலை பயிற்சி முடிந்ததும் நம் வலது கார்னர் ஆடும் தங்கையின் காலணியை வாங்கித் திருப்பிப் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே ரப்பர் முழுதாகத் தேய்ந்து உள்துணி தெரிகிறது. மண்ணில் ஆடும்போது அது பெரிதாகத் தெரியாது. போட்டி நடப்பதோ மேட் தளத்தில். எதிராளியின் காலைப் பிடித்து ஊன்றி இழுக்கும் நொடியில் தேய்ந்த காலணி வழுக்கும், பாதம் ஒரு பக்கம் போகும், முழங்கால் இன்னொரு பக்கம் திரும்பும். முழங்கால் தசைநார் அறுந்து ஆட்டத்தையே விட்டவர்கள் நம் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். இன்னொன்றும் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஒரே ஜோடி முழங்கால் உறை. ஒருத்தி அவுட்டாகி வெளியே வந்ததும் வியர்வையோடு கழற்றிக் கொடுக்கிறாள், அடுத்தவள் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். எலாஸ்டிக் தளர்ந்துவிட்டதால் மேலே கிரேப் பேண்டேஜ் சுற்றியிருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சரி, எவ்வளவு வேண்டும்? பி.டி. மேடத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மேட் தளத்துக்கான காலணி பன்னிரண்டு ஜோடி, ஜோடி 1,500 என்றால் 18,000. ஜெர்சி ஆளுக்கு இரண்டு செட், செட் 400 என்றால் 9,600. முழங்கால் உறை 3,600. பயிற்சியாளர், மேலாளர் உட்படப் பதினான்கு பேருக்கு, ஆறு போட்டி நாள்களுக்கு, நாளைக்கு 250 ரூபாய்ச் சாப்பாடு என்றால் 21,000. போக்குவரத்துக்கு ஆளுக்கு ஆயிரம், 14,000. முதலுதவி, டேப், ஐஸ், பக்கத்து ஊருக்குப் போய் மேட்டில் பழகி வரும் செலவு எல்லாம் சேர்த்து 6,800. ஆக மொத்தம் 73,000 ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டதும் மலைத்துப் போனவர்கள் இப்படிப் பாருங்கள்: ஆளுக்கு 200 ரூபாய் தரும் 365 பேர். நம் கல்லூரியில் படித்து வெளியே போனவர்களில், இந்த ஊர்க் கடைத்தெருவில், நம் சொந்தபந்தத்தில் 365 பேர் கிடைக்க மாட்டார்களா?

இதை எப்படிச் செய்வது என்று மேலாண்மைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். நம் ஊர்க் கபடிக் குழுக்களைப் பாருங்கள். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ போட்டி வைக்கிறார்கள். ஒரு மாதம் முன்பே ரசீது புத்தகம் அடித்து வீடு வீடாகப் போகிறார்கள். முதல் பரிசுத் தொகை ஒருவர், இரண்டாம் பரிசு இன்னொருவர், சுழற்கோப்பை வெளியூரில் இருக்கும் ஒருவர், மதியச் சாப்பாடு ஒருவர், குடிதண்ணீர் ஒருவர், ஒலி ஒளி அமைப்பு ஒருவர். எல்லாப் பெயரும் நோட்டீஸில் ஏறும். 101 ரூபாய் கொடுத்த டீக்கடைக்காரர் பெயரும் ஏறும். ஆட்டத்துக்கு நடுவே மைக்கில் அந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். தன் பெயரை மைக்கில் கேட்கிற மனிதர் அடுத்த ஆண்டு கேட்காமலே கொடுப்பார். பத்தாம் வகுப்புத் தாண்டாத அண்ணன்கள் இத்தனை அழகாக நடத்துகிற வேலையை, வணிகவியல் படிக்கிற நாம் ஏன் செய்யாமல் இருக்கிறோம்? கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தை விடுங்கள். நாம் பிச்சை கேட்கப் போகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் ஆடப் போகிறார்கள், ஊர் தன் பங்கைப் போடட்டும் என்று கேட்கப் போகிறோம்.

பணமாகத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மெஸ்காரரிடம் பயிற்சிக் காலம் முழுக்க நாளைக்கு இரண்டு டஜன் அவித்த முட்டை கேளுங்கள். பழமண்டியில் வாழைத்தார் கேளுங்கள். பிசியோதெரபி படித்துக் கிளினிக் வைத்திருக்கும் நம் சீனியர் அக்காவிடம் வாரத்தில் ஒரு மாலை கேளுங்கள். ஜெர்சிக்குத் திருப்பூர் இருக்கிறது. உள்ளூர்க் கடையில் விலை கேட்டு மலைப்பதை விட்டுவிட்டு, காதர்பேட்டைக்கு ஒருமுறை போய் வாருங்கள், அல்லது அங்கே பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்க்கும் நம் முன்னாள் மாணவர்களைப் பிடியுங்கள். போட்டித் தேர்வுப் பயிற்சி மையம், ஜவுளிக் கடை, லேத் பட்டறை, லாரி உரிமையாளர் என்று எவர் பெயரும் ஜெர்சியின் முதுகில் ஏறலாம். அதற்கு ஈடாக அவர்களுக்கு நாம் தர வேண்டியதைத் தவறாமல் தந்தாக வேண்டும்: ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு நல்ல புகைப்படம், பருவம் முடிந்ததும் அணி மொத்தமும் கையெழுத்திட்ட நன்றிக் கடிதம், பைசா சுத்தமான வரவு செலவு. வாங்கும்போது கும்பிட்டுவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத பழக்கம்தான் நமக்கு முன்னால் இருந்த பல அணிகளின் பெயரைக் கெடுத்தது.

கணக்கைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வரக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. இன்று அவருக்கு வீட்டில் ஓர் அவசரம் வரும், நாளை போட்டுவிடலாம் என்று எடுப்பார், நாளை மறுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். அணிகள் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். இந்தப் பருவத்துக்கு உடனடி வழி, பதிவு பெற்ற நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் வங்கிக் கணக்கு. அதில் கபடி நிதி என்று தனிப் பேரேடு, எடுப்பதற்கு இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று அணியில் இப்போது ஆடுகிற ஒருவருடையது. வாரம் ஒருமுறை வரவு செலவை உடற்கல்வித் துறைப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த கட்டமாக நமக்கென்று ஒரு சங்கம். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பிறகு பான் எண், சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய நன்கொடைப் பதிவு. அந்தப் பதிவு இருந்தால் பழைய முறையில் வரி கட்டும் நன்கொடையாளருக்குச் சலுகை கிடைக்கும். புதிய முறையில் கட்டுபவருக்குக் கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் சலுகை இல்லை. இந்த விவரங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். தப்பாகச் சொல்லி வாங்கிய பணம் பிறகு கசக்கும்.

பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாமே என்று பல தோழர்கள் கேட்கிறார்கள். கேட்கலாம், ஆனால் இந்தப் பருவத்துக்கு அதை நம்பி உட்கார வேண்டாம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டு, தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்கிற ஸ்பான்சர்ஷிப்பை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. ஆகவே "ஜெர்சியில் உங்கள் லோகோ போடுகிறோம், சமூகப் பொறுப்பு நிதியில் இருந்து கொடுங்கள்" என்று ஒரே கடிதத்தில் எழுதினால் அதிகாரி அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார். லோகோ வேண்டுமென்றால் விளம்பரப் பிரிவிடம் போக வேண்டும். சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமென்றால் பயிற்சித் திட்டத்தோடு போக வேண்டும். நாம் தொடங்கவிருப்பதைப் போன்ற தனிச் சங்கத்துக்கு மூன்று ஆண்டு வேலை செய்த வரலாறும் தேவை. அந்த மூன்று ஆண்டு இன்றே தொடங்கட்டும். இப்போது முதலாண்டு படிக்கிற தங்கைகள் முதுகலைக்கு வரும்போது அந்தக் கதவைத் தட்டும் தகுதி நமக்கு இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாமல் நாம் வாங்கக் கூடாது. அவர்கள் மனம் நோகாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது பிள்ளைகளோடு ஒரு நாள் மைதானத்தில் நில்லுங்கள் என்று அழையுங்கள்.

எவரிடம் வாங்க மாட்டோம் என்பதையும் இப்போதே முடிவு செய்வோம். பணம் வைத்து ஆடும் செயலிகளின் ஆள்கள் கல்லூரி அணிகளைச் சுற்றி வந்ததை நாம் பார்த்தோம். எல்லா அணிக்கும் ஜெர்சி தருகிறோம், மாணவர்களிடம் செயலியைப் பரப்பினால் போதும் என்று நம்மிடமும் ஒருவர் பேசினார். இணைய ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்ட குடும்பங்கள் இந்த மாநிலம் முழுக்க இருக்கின்றன. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்துவிட்டது. சட்டம் வராமல் இருந்திருந்தாலும் நம் பிள்ளைகளின் மார்பில் அந்தப் பெயர் ஏறக் கூடாது. சாராயக் கம்பெனியின் சோடா விளம்பரம், புகையிலைக் கம்பெனியின் பாக்கு விளம்பரம் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். யார் அணியில் ஆட வேண்டும், யார் கேப்டன் என்று சொல்ல வருபவர் எத்தனை லட்சம் தந்தாலும் வேண்டாம். 200 ரூபாய் தந்த 365 பேர் நம்மிடம் கேள்வி கேட்கலாம், அணியை விலைக்குக் கேட்க முடியாது. நான் சின்னத் தொகைகளை வலியுறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

ஆண்கள் அணித் தோழர்களே, உங்களிடம் ஒன்று. இந்த 73,000 போக இனித் திரட்டுவதை எல்லாம் சேர்ந்தே திரட்டுவோம், சரிபாதியாகப் பிரிப்போம். கிரிக்கெட்டுக்கும் ஆண்கள் கபடிக்கும் வாங்கியது போக மிஞ்சியதைப் பெண்களுக்குத் தருவது நம் கல்லூரியில் வெகுநாள் வழக்கம். தோள் அகலமான ஆண் ஜெர்சியை ஊசி போட்டுச் சுருக்கி ஆடியவள் நான். ரெய்டு போகிறவளின் ஜெர்சி தொளதொளவென்று இருந்தால் எதிரணியின் கைக்கு அது ஒரு பிடி. அந்த வழக்கத்தை ஒழிக்கும் முதல் குரல் உங்களிடமிருந்து வரட்டும்.

நாமே திரட்டுகிறோம் என்பதால் கொடுக்க வேண்டியவர்களை விட்டுவிடுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் விளையாட்டுக் கட்டணம் கட்டுகிறார். அது எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது என்று கல்லூரி முதல்வரிடம் மரியாதையாக, எழுத்தில் கேட்போம். பதில் வராவிட்டால், அரசுக் கல்லூரி என்பதால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். தேசிய, பன்னாட்டுப் போட்டிக்குத் தகுதி பெறும் தங்கை இருந்தால், 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு அவள் பெயரில் விண்ணப்பிப்போம். இந்த எழுத்து வேலைகளை அரசியல் அறிவியல் தோழர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்; மனு எழுத உங்களைவிடத் தோதானவர் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மைதானத்துப் புங்க மரத்தடியில் கூடுகிறோம். ரசீது புத்தகங்கள் அடித்து வந்துவிட்டன, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இருக்கிறது, பெறுபவர் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். கடைத்தெருவை நான்காகப் பிரித்திருக்கிறோம். பகுதிக்கு மூன்று பேர் போவோம், அதில் ஒருத்தி கட்டாயம் அணியில் ஆடுகிறவளாக இருக்க வேண்டும். கொடுப்பவர் யாருக்குக் கொடுக்கிறோம் என்று முகம் பார்த்துக் கொடுக்கட்டும். வருகிற ஒவ்வொருவரும் 200 ரூபாய் கேட்கத்தக்க பத்துப் பேரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். நாற்பது பேர் வந்தால் 400 பெயர், 35 பேர் மறுத்தாலும் நம் கணக்கு நேராகிவிடும். வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை இரவுக்குள் தங்கள் பத்துப் பெயரையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். உங்கள் 200 ரூபாயையும் அப்போதே சங்கக் கணக்கில் போட்டுவிட்டால் ரசீது எண்ணை அன்றே அனுப்பிவிடுவோம்.